நடுநிலைக் கப்பலும் வல்லரசின் தயவும்

தெருவில் இரண்டு பேர் கட்டிப்புரண்டு சண்டையிட்டால், அவ்வழியே மூட்டை சுமந்து போகிறவன் மண்டை உடையவேண்டுமென்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் சமுத்திரத்தில் அதுதான் நடந்து வந்திருக்கிறது.

1984-ல் ஈராக்கானது, ஈரானிய எண்ணெய் ஏற்ற வரும் கப்பல்களைத் தாக்குவதில் மும்முரமாயிற்று. ஈரானோ, ஈராக்குக்குப் பண உதவி செய்துவந்த குவைத்துக்கும் சவுதி அரேபியாவுக்கும் போய்வரும் கப்பல்களைத் தாக்கியது. இதை அவ்வருஷம் ஜூன் 1-ந் தேதி ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 552-வது தீர்மானத்தால் கண்டித்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. குண்டு கப்பலில் விழுந்தது. 1988-ல் யுத்தம் ஓய்வதற்குள் 400-க்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள்.

1987-ல் அமெரிக்கா காவலுக்கு வந்தது. எப்படி வந்தது? குவைத்தின் 11 எண்ணெய்க் கப்பல்களுக்குத் தன் கொடியைக் கட்டி, தன் கொடிக் கப்பல்களுக்கு மாத்திரம் போர்க்கப்பல் துணை அனுப்பிற்று. குவைத் ரஷ்யாவையும் உதவிக்கு அழைத்துவிட்டதே இந்த அவசரத்திற்குப் பெரிய காரணமாகும். ஜூலை 24-ந் தேதி, முதல் பயணத்திலேயே, பிரிட்ஜ்டன் என்னும் எண்ணெய்க் கப்பல் கண்ணிவெடியில் மோதிற்று. அதன்பின் காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள், அடிபட்ட அந்தக் கப்பலையே முன்னால் விட்டு, அதன் பின்னால் வரிசையாகப் போயின!

இது நிற்க, வேறு கொடிக் கப்பல்களில் இருந்தவர்கள் மனிதர்கள் அல்லவா என்று கேட்கிறோம். உதவி கோரும் மற்ற நடுநிலைக் கப்பல்களுக்கும் துணைபுரிவதாக அமெரிக்கா சொன்னது 1988 ஏப்ரல் கடைசியில்தான். அவ்வருஷம் ஜூலை 3-ந் தேதி, அக்கடலிலிருந்த வின்சென்ஸ் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல், ஈரானியப் பிரயாணி விமானத்தைப் போர் விமானமென்று கருதிச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் மாண்டார்கள்.

"அமெரிக்காவும் வராதிருந்தால் இன்னும் கேடாயிருக்குமே" என்பார்கள் சிலர். இருக்கலாம். காவலே வேண்டாமென்பது நமது வாதமல்ல. யாருடைய காவல், யாருக்குக் காவல் என்பதே கேள்வி. 1937-ல் ஸ்பெயின் யுத்தத்தின்போது மத்தியதரைக் கடலில் நீர்மூழ்கிகள் வியாபாரக் கப்பல்களை மூழ்கடித்தன. 9 தேசங்கள் சுவிட்சர்லாந்திலுள்ள நியோனில் கூடி ஒப்பந்தம் செய்தன. பிரிட்டனும் பிரான்சும் முன்நின்று காவல் சுற்றின. ஸ்பெயினின் இரு கட்சியாரையும் சேராத எந்தக் கொடிக் கப்பலுக்கும் அக்காவல் உண்டு. சில வாரங்களிலேயே தாக்குதல் பெரும்பாலும் அடங்கிற்று.

ஆகவே, சண்டையில் சேராத தேசங்களெல்லாம் கூடி, செலவைப் பங்கிட்டு, கொடி பாராமல் காக்கும் ஏற்பாடு வேண்டும். சரக்குக்கு இன்ஷூரன்ஸ் பணம் வந்துவிடும். மாலுமியின் உயிர் திரும்பி வராது. அவ்வுயிரை ஒரு வல்லரசின் தயவில் விட்டுவைப்பது பாதுகாப்பு ஆகாது, பிச்சையேயாகும்.