யாருடைய பஞ்சாங்கம்?

கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் விவகாரம் எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அரிசியில் கல் இருக்கிறது என்று சொல்வதற்கு ஒருவன் மளிகைக்கடை வைத்திருக்க வேண்டுமா என்ன? சர்க்கார் காரியாலயத்து மேஜைமேல் இருக்கும் இயந்திரம் இன்று ஏழையின் சோற்றோடு சம்பந்தப்பட்டுவிட்டது. ஆகவே எனக்கும் சம்பந்தப்பட்டுவிட்டது.

கம்ப்யூட்டருக்குள் இயங்குதளம் என்று ஒன்று இருக்கிறது. மற்ற மென்பொருள்களெல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை மாற்றுவது ஒரு மாலைப்பொழுது வேலை. ஓர் இலாகாவில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இருந்தால், அது ஓர் ஊரையே காலிசெய்து வேறிடத்தில் குடியேற்றுகிற காரியம். யார் முதலில் போவது, யார் பிறகு போவது, எந்த மாதத்தில் போவது? நம் நிர்வாகம் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை என்பது என் குற்றச்சாட்டு. கம்பெனி தேதி குறிக்கிறது, நாம் தலையாட்டுகிறோம்.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் உல்லாசப் பிரயாணிகளுக்கு இது தெரியாது. படகுப் பதிவு, மானிய டீசல், தடைக்கால நிவாரணம், பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் என்று ஒரு மீனவக் குடும்பத்தின் விவகாரங்கள் அத்தனையும் இன்று ஏதோ ஒரு காரியாலயத்துத் திரைக்குள்தான் இருக்கின்றன. அந்தத் திரை அணைந்துவிட்டால், சுமார் 20 கிலோமீட்டர் பஸ் ஏறித் தாலுகா தலைநகரமான பொன்னேரிக்குப் போக வேண்டியதுதான்.

அந்த வட்டாரத்துச் சேவை மையம் ஒன்றில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. அதன் கீழே 32 சதவிகிதம் என்று எழுதியிருந்தது. வாசற்படியில் ஒரு மூதாட்டி, பக்கத்தில் மீன்கூடை.

"எத்தனை நேரமாகக் காத்திருக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டேன்.

"கதவு தொறக்க முன்னாடியே வந்தேன் ஐயா. பொட்டியிலே என்னமோ ஏறுதாம். ஏறி முடிஞ்சாத்தான் ரேகை வைக்கணுமாம். வெயில் ஏறினா மடவை தாங்காது, அது யாருக்குத் தெரியுது?"

பணியிலிருந்த இளைஞர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் ஒண்ணும் அமுக்கலை சார். காலையிலே போட்டேன், அதுவா ஆரம்பிச்சுடுச்சு." பகல் ஒரு மணிக்கு 100 சதவிகிதம் ஆயிற்று. அதன் பிறகு கைரேகைக் கருவி வேலை செய்யவில்லை! புதிய பதிப்புக்கு அந்தக் கருவியை அறிமுகப்படுத்த வேறு ஒரு மென்பொருள் வேண்டுமாம். அதைப் போட்டுத்தர மேலிடத்திலிருந்து ஆள் வர வேண்டுமாம்.

இதை ஓர் உத்தியோகஸ்தரிடம் சொன்னேன். "பாதுகாப்பு விஷயம் சார், புதுப்பிக்காமல் இருக்க முடியுமா?" என்றார். முடியாதுதான். அதை மறுக்கிற மூடன் நானல்ல. 2017 மே மாதம் வானாக்ரை என்ற நச்சு நிரல் இங்கிலாந்தின் அரசாங்க ஆஸ்பத்திரிகளையே முடக்கிப்போட்டது. அதற்கு மாற்றுமருந்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் சிக்கிக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கதையின் மறுபாதியும் உண்டே! 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி பிழையுள்ள புதுப்பிப்பு ஒன்றை உலகமெங்கும் ஒரே மூச்சில் அனுப்பிற்று. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் நூறு கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பி ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால், நூறோடு போயிருக்கும்.

வரிசை என்பது அவ்வளவு பெரிய விஷயம். பழவேற்காட்டு மீனவருக்கு இதைப் படித்தவர்கள் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டுவது என்று தங்களுக்குள் முறைவைத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இறங்கினால் வலையும் கிழியும், மண்டையும் உடையும் என்பது அவர்கள் பட்டறிவு. (பாட்டில் இடம் கிடைக்காத மற்றச் சமூகத்தாருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு, நியாயமான மனத்தாங்கல்தான். அதைத் தனியாக எழுத வேண்டும்.) நான் சொல்ல வருவது, ஏரியில் இறங்குகிறவனே ஏரியின் நாட்களைக் குறிக்கிறான் என்பதை. கம்ப்யூட்டர் விஷயத்தில் நாட்களைக் குறிப்பவன் கடலுக்கு அப்பால் இருக்கிறான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு முடிந்துவிட்டது. 11-க்குப் போகலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். ஏறக்குறைய 2018-க்கு முற்பட்ட இயந்திரங்கள் பெரும்பாலும் தேறுவதில்லை. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைக் குப்பையில் போடு, அல்லது பணம் கட்டு என்கிறார்கள். நிறுவனங்களுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் வருஷம் 61 டாலர். அடுத்தடுத்த வருஷங்களில் இரட்டிப்பு. இது வியாபாரம், வியாபாரியை நான் திட்டவில்லை. முன்கூட்டியே தேதி தெரிந்திருந்தும் பட்ஜெட்டில் ஒரு வரி எழுதாதவர்களைத்தான் திட்டுகிறேன்.

இது முதல் தடவையும் அல்ல. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு நின்றபோது, தமிழ்நாட்டு அரசே தன் இலாகாக்களைப் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொல்லிற்று. அது நம் நாட்டு சி-டாக் உருவாக்கிய, காசில்லாத இயங்குதளம். நல்ல ஆணை! ஆனால் நான் ஏறி இறங்கும் காரியாலயங்களில் இன்றும் விண்டோஸைத்தான் பார்க்கிறேன். ஆணை போட்டால் போதுமா? அச்சு இயந்திரம் அதில் ஓடுமா, பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகள் திறக்குமா, குமாஸ்தாவுக்கு யார் கற்றுக்கொடுப்பது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டாமா? பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூடங்களைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதில்தான் தங்கள் உழைப்பைக் கொட்டினார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரசபை 2003-இல் தீர்மானித்து 2013 வரை பாடுபட்டு லினக்ஸுக்கு மாறிற்று. 2017-இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. இலவசம் என்பதாலேயே எதுவும் நிலைத்துவிடாது.

நான் கேட்பது ஒன்றும் பிரம்மவித்தை அல்ல. எந்தப் பதிப்பானாலும் முதலில் நாலைந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, கைரேகைக் கருவி, அச்சு இயந்திரம் எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஏற்றுவதை ஆபீஸ் மூடிய பிறகு இரவில் ஏற்றுங்கள். பழையபடி திரும்ப ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மையத்திலும் ஓர் உபரி இயந்திரமும், அதுவும் படுத்துவிட்டால் விண்ணப்பத்தைக் கையால் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்க ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். கீழைக்கடலில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நிவாரணத்துக்காக ஜனங்கள் வாசலில் நிற்பார்கள். அவசரப் பாதுகாப்புத் திருத்தம் தவிர, அந்த 61 நாளும் கடலோர மையங்களின் இயந்திரங்களில் யாரும் கைவைக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஒரே ஒரு பக்கம் போதும்; கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம் ஆகாது.