வாய்க்கு ஒட்டுப் போடுகிறார்கள்

ஆதிச்சநல்லூரில் செத்தவர்களோடு தங்கத்தையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். 1899 தொடங்கி சில வருடங்கள் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளோடு பொன் தகடுகளும் கிடைத்தன. நெற்றியில் கட்டும் பட்டம் என்றார்கள். இறந்தவரின் வாயை மூடிய தகடு என்று எழுதிய சரித்திர ஆசிரியர்களும் உண்டு. எதுவோ ஒன்று. உயிர் போன பிறகும் மனுஷன் முகத்துக்கு ஒரு மரியாதை இருந்திருக்கிறது. இப்போது திருநெல்வேலி - திருச்செந்தூர் சாலையில் பஸ் ஏறி, ஊர் ஊராக இறங்கிப் பாருங்கள். பெட்டிக்கடை வாசலில் பாக்குப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கும். உயிரோடு இருப்பவன் வாயை மூட அது போதும்.

மூட என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே மூடிக்கொள்கிறது. ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற டாக்டர் கென்யாவில் இருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைப் பார்த்து எழுதினார். கடல் தாண்டியும் பாக்கை விடவில்லை நம்மவர்கள். பாக்கில் இருக்கும் அரிகோலின், கன்னத்தின் உட்சவ்வில் கொலாஜன் என்ற நார்ப்பொருளை அளவுக்கு மேல் உற்பத்தி செய்ய வைக்கிறது. பாக்கில் உள்ள தாமிரம் அந்த நார்களை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்ட உதவுகிறது. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு கன்னம் வெளுத்துப் பலகை மாதிரி ஆகும். மூன்று விரல் நுழைந்த வாயில் ஒரு விரல்கூட நுழையாது. பிசைந்த சோற்றுக்கே கஷ்டம். எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோயாளிகளை 17 வருடம் விடாமல் கவனித்தார்கள். நூற்றுக்கு 7.6 பேருக்கு அது புற்றுநோயாக மாறியிருந்தது.

சரி, வைத்தியம்? இங்கேதான் நம் பத்திரிகைகளுக்குக் குஷி கிளம்பிவிடுகிறது. 'நஞ்சுக்கொடி உறையில் புது வாய்!' என்று தலைப்பு. விஷயம் பொய்யில்லை. குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குடத்தின் உள் உறை, அதாவது அம்னியான், ரத்தக்குழாயே இல்லாத மெல்லிய சவ்வு. அடுத்தவர் உடம்பு அதை அவ்வளவாக எதிர்ப்பதில்லை. தழும்பையும் குறைக்கிறது. 1910-லேயே அமெரிக்காவில் தோலுக்கு ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியின் திசு வங்கி 1988-லிருந்து இயங்குகிறது. தானமாக வரும் அம்னியானைச் சுத்தம் செய்து, காமா கதிரில் கிருமி நீக்கிக் கொடுக்கிறார்கள். நம் அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தின் கதை இன்னும் சுவாரசியம். செருப்புக்கும் பெல்ட்டுக்கும் ஆராய்ச்சி செய்யும் இடம் என்றுதான் ஊரே நினைக்கிறது. மாட்டுத் தோலிலிருந்து கொலாஜன் பிரித்து, தீக்காயத்துக்குப் போர்த்தும் படலம் செய்யும் வேலையும் அங்கே நடந்திருக்கிறது. அந்த மாதிரிப் படலங்களை வாய்க்குள்ளும் ஒட்டுகிறார்கள். வேடிக்கையைக் கவனியுங்கள். கொலாஜன் மிஞ்சிப்போனதால் வந்த நோய். அறுத்த இடத்தை மூட மறுபடியும் கொலாஜன்!

ஜப்பான்காரர்கள் ஒரு படி மேலே. நோயாளியின் வாயிலிருந்து கடுகளவு சதை எடுத்து, செல்களைத் தகடு மாதிரி வளர்த்து, 2004-ல் அதைக் கண்ணிலேயே ஒட்டிக் காட்டினார்கள். நீகாடா பல்கலைக்கழகத்தில் திலேப்பியா மீனின் செதிலிலிருந்து எடுத்த கொலாஜனில் வாய்ச்சவ்வு வளர்க்கும் ஆராய்ச்சி நடக்கிறது. தூத்துக்குடிக்காரர்கள் மீன் செதிலை எங்கே கொட்டுகிறோம் என்று யோசித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் கை தட்டுகிறேன். ஆனால் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நடப்பதையும் எழுத வேண்டாமா? நார்க்கட்டை அறுத்து, படலம் ஒட்டி அனுப்புகிறார்கள். அந்தப் படலம் சில வாரங்களில் கரைந்து போய்விடும். அதன் வேலை, கீழே புதுச் சவ்வு படரும் வரை காவல் காப்பது மட்டும்தான். அப்புறம் மாதக்கணக்கில் நோயாளி ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லுக்கு நடுவே அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டி, வாயைத் திறந்து பழக வேண்டும். வலி உயிர் போகும். பழகாவிட்டால் மறுபடி இறுகும். மறுபடி பாக்குப் போட்டால் கேட்கவே வேண்டாம். ஒட்டுப் போட்ட வாய் எந்தத் தெருவுக்குத் திரும்புகிறது? சரம் தொங்கும் அதே தெருவுக்கு.

நான் படித்தது பி.காம். எனக்கு வரவு செலவு பார்க்காமல் தூக்கம் வராது. பாக்கு இறக்குமதிக்கு 100 சதவீத வரி. அது போக, கிலோவுக்குக் குறைந்தபட்ச விலை 251 ரூபாய் என்றிருந்ததை 2023 பிப்ரவரியில் 351 ஆக்கினார்கள். எதற்கு? மக்கள் வாயைக் காப்பாற்றவா? கர்நாடகாவிலும் கேரளாவிலும் இருக்கும் பாக்குத் தோட்டங்களைக் காப்பாற்ற. விவசாயி பிழைக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. தூத்துக்குடி துறைமுகத்தில் வேறு சரக்கின் பெயரில் வந்த பாக்கு கன்டெய்னர்களை வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள் பல முறை பிடித்திருக்கிறார்கள். அதுவும் வரி ஏய்ப்புக் கேஸ்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே பாக்கை, புகையிலை கலக்காத வெறும் பாக்கைத்தான், முதல் வகைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது. அதே அமைப்பின் கணக்குப்படி 2022-ல் உலகத்தில் 1,20,200 வாய்ப் புற்றுநோய்களுக்கு மெல்லும் புகையிலையும் பாக்கும் காரணம். அதில் 83,400 நம் நாட்டில்.

'தடைதான் இருக்கிறதே சார்' என்பீர்கள். இருக்கிறது. 2001-ல் தமிழக அரசு குட்காவைத் தடை செய்தது. 2004-ல், மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது சுப்ரீம் கோர்ட். 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக மறுபடி தடை. 2023 ஜனவரியில் ஹைகோர்ட் அதை ரத்து செய்ய, ஏப்ரலில் அந்தத் தீர்ப்பை சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வைத்தது. இத்தனை இழுபறியும் புகையிலைக்கும் நிகோடினுக்கும்தான். பாக்கு இதில் பிரதிவாதியே இல்லை! சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்தில் கோரப் படம் போடச் சொல்லும் சட்டம், பாக்குப் பொட்டலத்தில் எழுத்தில் ஓர் எச்சரிக்கையோடு திருப்தி அடைகிறது. படிக்கத் தெரியாதவன் பாடு?

'எங்க பாட்டி தொண்ணூறு வயசு வரைக்கும் வெத்தலை போட்டா, ஒண்ணும் ஆகலையே' என்று ஒரு கடிதம் நிச்சயம் வரும். பாட்டிக்கு என் நமஸ்காரம். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். குற்றவாளி இலை இல்லை, பாக்கு. அதிலும் பொட்டலத்துக்கு வேகம் ஜாஸ்தி. 1996-ல் வந்த ஓர் ஆய்வில், வெற்றிலை பாக்குப் போட்டவர்களுக்கு இந்த நோய் வரச் சராசரியாக 8.6 வருடம் ஆகியிருந்தது. பான் மசாலா மென்றவர்களுக்கு 2.7 வருடம். ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பிக்கிற பையனுக்கு பிளஸ் டூ முடிவதற்குள் வாய் இறுகத் தொடங்கலாம்.

பள்ளிக்கூடத்தில் கண் டெஸ்ட் எடுக்கிறார்கள் இல்லையா? அதே வரிசையில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, அவரவர் மூன்று விரல் அவரவர் வாய்க்குள் நுழைகிறதா என்று பார்க்கட்டும். ஒரு பையனுக்கு அரை நிமிஷம். ஜப்பானும் வேண்டாம், செல் தகடும் வேண்டாம். எட்டாம் வகுப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்பது என் யோசனை. கூடவே, பள்ளிக்கூட வாசல் கடையில் தொங்கும் சரத்தை அவிழ்க்க ஓர் உத்தரவு. அதைக் கலெக்டரும் கல்வித் துறையும் பேசி முடிவு செய்யட்டும்.