வாங்காத கடனுக்கு வசூல்காரன்

எங்க சிலமலைக் காலனியில் ஆதார் நகல் கொடுக்காத வீடு கிடையாது. குழுக்கடனுக்கு ஒன்று, சிம்கார்டுக்கு ஒன்று, போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போனால் அங்கே ஒன்று. கொடுத்த நகல் எங்கே என்றால், "அது யாருக்குப்பா தெரியும்" என்கிறார்கள் பெண்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கேட்டவனெல்லாம் அதட்டிக் கேட்டான், கொடுத்தோம். நம் பாட்டன் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்ததும் இப்படித்தான். 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எவ்வளவு அந்த மசியில் கரைந்துபோச்சு!

2021 மே மாதம் பாரத் பைனான்சியல் நிறுவனத்தின் வழியாக ஏறத்தாழ 84,000 பேருக்கு அவர்கள் சம்மதமில்லாமலே கடன் ஏற்றப்பட்டது. நவம்பரில் இண்டஸ்இண்ட் வங்கியே இதை ஒப்புக்கொண்டு, தொழில்நுட்பக் கோளாறு என்றது. கோளாறுகூட குழுக்கடன் வாங்குற பொம்பளைங்க பேர்லதான் வருது, பாருங்கள். 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன் பான் எண்ணில் யாரோ 2,000 ரூபாய் கடன் எடுத்துவிட்டான். அவர் ட்விட்டரில் எழுதினார், உடனே சரியாச்சு. ஏலக்காய் பறிக்கிற நம்ம அக்கா எங்கே போய் எழுதுவாள்?

அவளுக்குச் சேதி தெரிவதே தாட்கோ கடனுக்கு வங்கிப்படி ஏறும்போதுதான். "சிபில்ல நிலுவை காட்டுதும்மா." எந்தக் கடன், எவன் வாங்கினது? பதில் வராது. சாதிச்சான்று உண்டு, மானியம் உண்டு, கதவு மட்டும் திறக்காது. சாதியைச் சொல்லித் துரத்தினால் வன்கொடுமைச் சட்டம் இருக்கிறது. மார்க்கைச் சொல்லித் துரத்தினால்?

சிபில் ஒரு கம்பெனி. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று உண்டு. பண்ணையார் சிட்டையை நமக்குக் காட்டியதில்லை. இந்தச் சிட்டையைப் பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது. 2017 முதல் நான்கு கம்பெனியும் வருசத்துக்கு ஒருதரம் முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும், நான்கையும் பாருங்கள். வாங்காத கடன் தெரிந்தால் அந்தக் கம்பெனிக்கும், கடன் கொடுத்ததாகச் சொல்கிறவனுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு; 2024 ஏப்ரலிலிருந்து இது விதி. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். குழுக்கடன் வசூலிக்கிறவன் காலை 9க்கு முன்னாலும் மாலை 6க்குப் பின்னாலும் போன்கூடப் பண்ணக்கூடாது என்று 2022லேயே சொல்லியாச்சு. தொல்லை பொறுக்காமல் ஒரு தவணையைக் கட்டித் தொலைக்காதீர்கள். கட்டினால், "நீதானே வாங்கினே" என்பான்.

திருட்டுக் கொடுத்தவளே திருட்டைக் கண்டுபிடிக்கணும் என்கிற இந்த நியாயம் எனக்கு உடன்பாடில்லை. அதிலும் அறிக்கை இங்கிலீசில், ஈமெயில் கேட்கும், ஓடிபி கேட்கும். தமிழில், தபாலில், வீட்டுக்கே அனுப்பு என்று இயக்கம் கேட்கவேண்டும். கேட்டு வாங்கும்வரை? ஏப்ரல் 14க்குப் பந்தல் போடத்தானே போகிறோம். ஓரத்தில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், இங்கிலீசு படிக்கத் தெரிந்த நாலு பிள்ளைகள். மைக்செட் வாடகையில் கால்வாசிகூட ஆகாது.