வயிறு நிறைந்தவர் தீர்ப்புச் சொல்லலாமா?

கோபத்தில் இருக்கும் நீதிபதி இருவருக்கிடையே தீர்ப்பளிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை நம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதிய விளக்கத்தைத்தான் ஏனோ கேட்பதில்லை. நேரிய சிந்தனையைக் குலைக்கும் எந்த நிலையும் கோபத்தைப் போன்றதே என்று கூறும் அவர்கள், வாட்டும் பசியையும் அளவுக்கு மீறி நிரம்பிய வயிற்றையும் அதில் சேர்க்கிறார்கள்.

அலுவலக மேலாளரும், கடை முதலாளியும், வளைகுடாவில் பத்துப் பேருக்குப் பொறுப்பான சூப்பர்வைசரும் நாள்தோறும் தீர்ப்பளிப்பவர்களே. யாருக்கு விடுப்பு, யாருக்கு ஊதிய உயர்வு, யாரை வேலையிலிருந்து நீக்குவது என்பதெல்லாம் அவர்கள் கையில்தான். ஆயினும் உணவைப் பற்றிப் பேசினால், "நான் என்ன சாப்பிட்டால் உங்களுக்கென்ன?" என்கிறார்கள். நமக்கு ஒன்றுமில்லை, அவர்களுக்குக் கீழே பணிபுரிவோருக்கு நிறைய இருக்கிறது.

பலரது நாள் எப்படிக் கழிகிறது? பஜ்ருக்குப் பின் மீண்டும் உறக்கம். காலை உணவு இல்லை. பதினொரு மணிக்குச் சர்க்கரை தூக்கலான தேநீரும் இரண்டு சமோசாவும். மதியம் நெய்ச்சோறு, தால்ச்சா, இறைச்சி. மேலே இன்னொரு கரண்டி. இரண்டரை மணிக்குக் கூட்டம்! பிற்பகலில் உடல் இயல்பாகவே சற்றுத் தளரும். வெள்ளை அரிசியும் மைதாவும் இரத்தச் சர்க்கரையை விரைந்து ஏற்ற, பெருந்தீனி அத்தளர்ச்சியை அரைத்தூக்கமாக்குகிறது. அந்த அரைத்தூக்கத்தில்தான் ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிக்கும் தாளில் கையெழுத்து விழுகிறது. இரவு பதினொரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும். உறக்கம் கெட்டதற்கான எரிச்சல் மறுநாள் காலை ஊழியர் தலையில் இறங்குகிறது.

உடல் பருமனை இங்கே யாரும் கேலி செய்யவில்லை. மெலிந்தவர்களும் இப்படித்தான் உண்கிறார்கள், உட்கார்ந்தே இருக்கிறார்கள். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அவர்கள் எல்லோரும் பருமனானவர்கள் அல்லர்.

"ஐவேளை தொழுகிறோமே, அதுவே உடற்பயிற்சிதானே?" என்பது அடுத்த சாக்கு. தொழுகை இபாதத், சோம்பலுக்குச் சாட்சி சொல்ல அதை அழைக்க வேண்டாம். வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாட்கள் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் போதும். பள்ளிவாசலை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள் அடுத்த தெருப் பள்ளிக்கு பைக்கில் போவதை என்னவென்று சொல்வது? ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய நபியின் உம்மத் நாம்!

ஊழியரின் வாழ்வைத் தொடும் முடிவுகளைக் காலையில் எடுங்கள். வெறும் வயிற்றோடு அல்ல. மதியச் சோற்றைக் குறைத்துக் காய்கறியையும் பருப்பையும் கூட்டுங்கள். உண்டபின் பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். வீட்டில் பரிமாறுவோருக்கும் ஒரு வேண்டுகோள்: அவர் போதும் என்று கைமறித்த பிறகு தட்டில் சோற்றை அள்ளி வைக்காதீர்கள்.