ஏழு எழுத்துப் பெயருக்கு முப்பது இடம் போதாதா?

'தமிழ்ச்செல்வி' என்ற பெயரில் எத்தனை எழுத்து? விரல்விட்டு எண்ணினால் ஏழு. கணினியின் கணக்கு வேறு. யூனிகோடில் புள்ளிக்கும் கொம்புக்கும்கூட தனிக் குறியீடு உண்டு என்பதால் அது 13 ஆகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக, மொத்தம் 39.

இப்போது, ஆரக்கிள் தரவுத்தளத்தில் பெயருக்கென்று 'வார்கேர்2(30)' என ஒரு நெடுவரிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமைப்பை யாரும் மாற்றாவிட்டால், அந்த 30 என்பது எழுத்து அல்ல, பைட். தமிழ்ச்செல்வி உள்ளே போக மாட்டார். 'வந்தது 39, அனுமதி 30' என்று பிழைச்செய்தி வரும். அதே பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் பத்தே பைட்டில் முடிந்துவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுச் சோதித்தவருக்கு இது கண்ணில் படவே படாது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நெடுவரிசைகளின் விவரத்தைத் தரவுத்தளமே தன் 'சிஸ்டம் வியூ'வில் எழுதி வைத்திருக்கும். ஆரக்கிளில் 'யூசர்_டேப்_காலம்ஸ்' என்ற காட்சியில் 'கேர்_யூஸ்டு' என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். 'பி' என்றால் பைட், 'சி' என்றால் எழுத்துக்குறி. 30 எழுத்துக்குறி என்று அறிவித்தால், யூடிஎஃப்-8 தளத்தில் 'டேட்டா_லெங்த்' 120 என்று காட்டும். "முப்பதுதானே போட்டோம், நூற்றிருபது எங்கிருந்து வந்துச்சு?" என்று பதற வேண்டாம், ஒரு குறிக்கு அதிகபட்சம் 4 பைட் என்ற கணக்கு அது.

எஸ்க்யூஎல் சர்வரிலும் இதே குழப்பம் உண்டு. 'என்வார்கேர்(50)' நெடுவரிசைக்கு 'சிஸ்.காலம்ஸ்' காட்டும் நீளம் 100. இதை எழுத்தென்று நம்பி மென்பொருள் எழுதினால் படிவம் 100 எழுத்தை வாங்கிக்கொள்ளும், தளம் ஏற்காது. 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா' காட்சியில் எழுத்துக்கும் பைட்டுக்கும் தனித்தனி இடம் இருப்பதால், அதைப் பார்ப்பதே உத்தமம்.

தமிழில் பெயர் வாங்கும் எந்தத் திட்டத்திலும், ஒப்படைப்பு நாளன்றே இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். நீளம் போதாவிட்டால் ஒரே கட்டளையில் கூட்டிவிடலாம். ஆனால் எஸ்க்யூஎல் சர்வரில் லத்தீன் எழுத்துக்கான வெறும் 'வார்கேர்' நெடுவரிசை என்றால் பிழைச்செய்தியே வராது. தமிழ்ச்செல்வி 13 கேள்விக்குறிகளாகப் பதிவாகிவிடுவார். பிறகு நெடுவரிசையை மாற்றினாலும் பெயர் திரும்பாது. அவரிடமே போய் மறுபடி கேட்க வேண்டியதுதான்.