நிலவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோருக்கு



சுமத்திராவில் பூமி குலுங்கி, இங்கே ஃபேரர் பார்க் அடுக்குமாடி வீடுகளில் விளக்கு சற்று ஆடிவிட்டால் போதும். வாட்ஸ்அப் குழுக்களில் சோதிடம் பொழியத் தொடங்கிவிடும். 'பௌர்ணமி வருகிறது, எச்சரிக்கை!' ஆதாரம் கேட்டால் 2004 டிசம்பர் 26 என்பார்கள். அன்று முழுநிலவுதான்; மறுக்கவில்லை. சப்பானில் 2011 மார்ச் 11, நேப்பாளத்தில் 2015 ஏப்ரல் 25? அவ்விரு நாள்களிலும் வானில் இருந்தது ஏறத்தாழ அரைநிலவு!

ஒரு சிறு கணக்கு. ஆண்டுக்குப் பௌர்ணமியும் அமாவாசையுமாகச் சுமார் 25 நாள்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் மூன்று நாள்களைச் சேர்த்தால் 175. ஏறக்குறைய அரை ஆண்டு! எந்த நிலநடுக்கத்தைத்தான் இந்த வலைக்குள் அடைக்க முடியாது? தொடக்கநிலை நான்கில் படிக்கும் பிள்ளை போட்டுவிடும் கணக்கைப் பட்டம் பெற்ற பெரியவர்கள் போட மறுக்கிறார்கள்.

ஆனால் 'நிலவுக்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பே இல்லை' என்று பிள்ளையின் வாயை அடைக்கும் ஆசிரியர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கடலை ஏற்றி இறக்கும் ஈர்ப்பு பாறையையும் இழுத்துத் தளர்த்துகிறது. அவ்வழுத்தம் சில கிலோபாஸ்கல். நிலநடுக்கம் விடுவிப்பதோ பெரும்பாலும் அதன் ஆயிரம் மடங்கு. ஆகவே நிலவு நிலநடுக்கத்தை உண்டாக்குவதில்லை. நெடுங்காலம் இறுகி உடையும் விளிம்பில் நிற்கும் பிளவைச் சற்று முன்கூட்டித் தட்டிவிடக்கூடும். 2004 பேரதிர்வுக்கு முந்திய ஆண்டுகளில், அப்பகுதியின் அதிர்வுகள் கடல் ஏற்றவற்றத்தை உண்டாக்கும் அதே விசையின் போக்கோடு ஒத்துப்போனதைச் சப்பானிய ஆய்வாளர் சச்சிகோ தனாகா 2010இல் எடுத்துக்காட்டினார். நடந்து முடிந்தபின் கண்ட ஒற்றுமை அது. நாள் குறித்துக் கொடுக்கும் பஞ்சாங்கம் அன்று.

மகாராட்டிரத்தின் கொய்னா இதனினும் தெளிவான சான்று. 103 மீட்டர் உயர அணை. 1962 முதல் நீர் தேக்கினார்கள். 1967 டிசம்பர் 11 விடியலுக்கு முன் 6.3 அளவு நிலநடுக்கம். ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். பருவமழையில் நீர்மட்டம் உயர்ந்தபின் அங்கே அதிர்வுகள் கூடுவதைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துள்ளனர். நீரின் எடை மட்டும் காரணமன்று. பாறை இடுக்குகளில் ஊடுருவும் நீரின் அழுத்தம் பிளவின் பிடியைத் தளர்த்துகிறது. நிலவுக்கு அஞ்சுவோர் எவரும் அணைக்கு அஞ்சியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெற்றோர்களே, அடுத்த செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன் எந்த ஊர், எந்த நாள், எத்தனை அளவு என்று அனுப்பியவரைக் கேளுங்கள். சொல்லமாட்டார், அழித்துவிடுங்கள். ஆசிரியர்களே, கேள்வி கேட்கும் பிள்ளையிடம் 'மூடநம்பிக்கை' என்று சீறாமல், நாள்காட்டியையும் பெரிய நிலநடுக்கங்களின் பட்டியலையும் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதும்.