கால் ஓடுவதற்குத் தோள் வழிவிட வேண்டும்! - ஓட்டத்தை இலகுவாக்கும் 6 எளிய பயிற்சிகள்

1,500 மீட்டர்... 7 நிமிடம்!

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், எழுத்துத் தேர்வைத் தாண்டி வரும் ஆண்கள் ஓடி முடிக்க வேண்டிய தூரமும் நேரமும் இவை. பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. ஒரு விநாடி பிந்தினாலும் அந்த முறைக்கு அவ்வளவுதான். மாதக்கணக்கில் படித்த படிப்பும், வீட்டில் காத்திருக்கும் அம்மா அப்பாவின் நம்பிக்கையும் அந்த ஒரு விநாடியில் நின்றுவிடும்.

கடலூர் மாவட்டத்தின் மங்கலம்பேட்டை போன்ற பேரூர்களில் இந்தத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு சிந்தெட்டிக் டிராக்கும் பயிற்சியாளரும் எளிதில் கிடைப்பதில்லை. பள்ளி மைதானமும் சாலையோரமும்தான் பயிற்சிக்களம். அங்கே ஓடுகிறவர்கள் கால் வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கவனிப்பார்கள். தோளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கடைசிச் சுற்றில் தோள்கள் காதை நோக்கி ஏறி, கைகள் நெஞ்சுக்குக் குறுக்கே அடித்துக்கொண்டு, கழுத்து விறைத்துப்போய் ஓடுவார்கள். அந்த நேரத்தில் கால்களோடு மேல் உடம்பும் சோர்ந்துபோகிறது.

கையைக் கட்டிக்கொண்டு ஓடினால்..?

ஓடும்போது கை எதற்கு? வலது கால் முன்னே போகும்போது இடுப்பு ஒரு பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தைச் சமன் செய்யத்தான் இடது கை முன்னே வருகிறது. கை வீச்சு இல்லாவிட்டால் அந்த வேலையை நடு உடம்பே செய்தாக வேண்டும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் அரெல்லானோ, ராட்ஜர் கிராம் இருவரும் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓட்டக்காரர்களை வழக்கம்போல் கை வீசியும், பிறகு கையை வீசாமலும் ஓடவைத்து, உடம்பு செலவிடும் சக்தியைக் கணக்கிட்டார்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி ஓடியபோது சுமார் 3 சதவிகிதம் கூடுதல் சக்தி செலவானது. நெஞ்சின் மேல் கட்டியபோது 9 சதவிகிதம், தலையில் வைத்துக்கொண்டு ஓடியபோது 13 சதவிகிதம்!

நிஜத்தில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு ஓடுவதில்லைதான். ஆனால், தோள் இறுகிப்போனவரின் கை பாதி கட்டியது போலத்தான் அசையும். நிமிடத்துக்கு 170 அடி வைத்தால் 7 நிமிடத்தில் ஏறக்குறைய 1,200 அடி. ஒவ்வொரு கையும் சுமார் 600 முறை முன்னும் பின்னும் போய்வர வேண்டும். அந்த 600 முறையும் இறுக்கத்தை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தால், ஓட்டத்துக்கான தெம்பு வீணாகத்தானே செய்யும்?

தோள் இறுகியும் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸடோபெக் முகத்தைச் சுளித்து, தலையை ஆட்டி, மேல் உடம்பை முறுக்கிக்கொண்டு ஓடுவார். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர் அவர். அதற்குப் பின்னால் அசுரத்தனமான பயிற்சி இருந்தது. அந்த அளவுக்குப் பயிற்சி செய்ய நேரமில்லாதவர்கள், இருக்கிற தெம்பைச் சிந்தாமல் ஓடுவதுதான் புத்திசாலித்தனம்.

தோள் எப்படி இறுகுகிறது?

நம் உடம்பிலேயே அதிகம் அசையக்கூடிய மூட்டு, தோள். மேல்கை எலும்பின் உருண்டைத் தலை, ஆழமில்லாத ஒரு சிறு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கிண்ணம் இருப்பது முதுகுப் பக்கம் உள்ள தோள்பட்டை எலும்பில். அந்த எலும்பு விலாவின் மேல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால்தான் கை முழுதாக உயரும். ஆக, தோளைத் தளர்த்துவது என்றால் மூட்டு, தோள்பட்டை எலும்பு, மேல்முதுகு மூன்றையும் சேர்த்து அசைக்க வேண்டும்.

பக்கத்தில் இருக்கும் விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்வோம். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பொம்மை, அகல் விளக்கு, மின் பியூஸ் கேரியர் என்று பல பொருட்கள் அங்கே தயாராகின்றன. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் பிசிறை நீக்குவதும், வண்ணம் தீட்டுவதும் உட்கார்ந்து, குனிந்து, இரண்டு கைகளையும் முன்னால் வைத்துச் செய்கிற வேலை. மணிக்கணக்கில் இப்படி இருந்தால் நெஞ்சுத் தசைகள் சுருங்கும். தோள்கள் முன்பக்கம் மடங்கும். மேல்முதுகு வளைந்து அப்படியே நின்றுவிடும்.

தையல் மெஷின், அரிவாள்மனை, கம்ப்யூட்டர், இரு சக்கர வாகனம், செல்போன்... எல்லாமே தோளை இதே இடத்துக்குத்தான் கொண்டுபோகின்றன. பகலில் 8 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, விடிகாலையில் அரை மணி நேரம் ஓடுகிறவர், வேலை செய்த அந்தத் தோளோடுதான் ஓடுகிறார்.

உங்கள் தோளைச் சோதித்துப் பாருங்கள்

வலது கையைத் தோளுக்கு மேலாக முதுகுப் பக்கம் இறக்குங்கள். இடது கையைக் கீழிருந்து முதுகு வழியாக மேலே கொண்டுவாருங்கள். விரல்கள் தொட்டுக்கொள்கின்றனவா? இப்போது கைகளை மாற்றிச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல் இருப்பது சகஜம். ஒரு பக்கம் தொட்டு, மறுபக்கம் ஒரு சாண் இடைவெளி இருந்தால், அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் கவனம் தேவை.

6 பயிற்சிகள்... 10 நிமிடம்!

1. ஊசல்: மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனியுங்கள். மறுகையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, சிறு வட்டமாக வலம் 10 முறை, இடம் 10 முறை சுழற்றுங்கள். கையை நீங்கள் சுழற்றக் கூடாது; உடம்பு அசைய, கை தானாக ஆட வேண்டும்.

2. சுவர் உரசல்: முதுகைச் சுவரில் சாய்த்து நில்லுங்கள். முழங்கைகளைத் தோள் உயரத்தில் மடக்கி, புறங்கைகள் சுவரில் படும்படி வையுங்கள். சுவரை உரசியபடியே கைகளை மேலே கொண்டுபோய் இறக்குங்கள். 10 முறை. இடுப்பு சுவரைவிட்டு வில்லாக வளைந்தால், உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

3. துண்டுப் பயிற்சி: ஒரு துண்டின் இரு முனைகளைத் தோள் அகலத்தைவிட நன்றாக விரித்துப் பிடியுங்கள். முன்னாலிருந்து தலைக்கு மேல் தூக்கி, முடிந்த அளவு பின்னால் கொண்டுபோய்த் திரும்புங்கள். 8 முறை. முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம்.

4. புத்தகம் திறத்தல்: பாயில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, இரு உள்ளங்கைகளையும் முன்னால் சேர்த்து வையுங்கள். மேல் கையை மட்டும் புத்தகத்தின் அட்டையைத் திறப்பது போல் மறுபக்கம் திறங்கள். பார்வையும் கையோடு போகட்டும். பக்கத்துக்கு 8 முறை. மேல்முதுகு வளைந்து போனவர்களுக்கு இது மிகவும் உதவும்.

5. நிலைப்படி நிற்றல்: வாசல் நிலையின் இரு பக்கமும் முன்கைகளை ஊன்றி, ஒரு காலை முன்வைத்து மெதுவாக உடம்பை முன்னால் சாயுங்கள். நெஞ்சு விரிவது தெரியும். 20 முதல் 30 விநாடி, 2 முறை.

6. உட்கார்ந்து கை வீசுதல்: காலை நீட்டித் தரையில் உட்காருங்கள். முழங்கையை மடக்கி, ஓடுவது போலவே 30 விநாடி கை வீசுங்கள். கை நெஞ்சின் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. முழங்கை பின்னால் போவதில் கவனம் வையுங்கள். முன்னால் தானாக வந்துவிடும்.

முதல் நான்கையும் ஆறாவதையும் ஓடுவதற்கு முன் செய்யலாம். ஒரே நிலையில் பிடித்து நிற்கும் ஐந்தாவதை ஓடி முடித்தபின் வைத்துக்கொள்வது நல்லது. வேலைக்கு நடுவே, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து சுவர் உரசலை மட்டும் 5 முறை செய்தாலும் பலன் உண்டு.

ஓடும்போது ஒரு சின்ன வழி. ஒவ்வொரு 200 மீட்டருக்கும் ஒருமுறை தோள்களைக் காதுவரை தூக்கி, மூச்சை வெளியே விட்டபடி 'பொத்'தென்று கீழே விடுங்கள். விரல்களை இறுக மூட வேண்டாம். முட்டி இறுகினால் முழங்கையும், அதைத் தொடர்ந்து தோளும் இறுகும்.

தோள் பயிற்சி மட்டுமே யாரையும் வேகமாக ஓடவைத்துவிடாது. கால் பலமும் மூச்சும் ஓடி ஓடித்தான் வரும். ஆனால், காவலர் தேர்வில் ஆண்களுக்குக் கயிறு ஏறுதலும், பெண்களுக்குக் குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதலும் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே தோள்தான் வேண்டும்.

இவர்கள் கவனிக்க வேண்டும்

40 வயதைத் தாண்டிய பெண்கள் சிலருக்குத் தலை வாரவோ, ஜாக்கெட் கொக்கி மாட்டவோ கை போகாது. 'வேலைக் களைப்பு' என்று விட்டுவிடுவார்கள். அது 'ஃப்ரோசன் ஷோல்டர்' எனும் தோள் இறுக்க நோயாக இருக்கலாம். 40 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது அதிகம் வருகிறது. தானாகச் சரியாக 1 முதல் 3 ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், ஆரம்பத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இரவில் தூங்கவிடாத வலி, கையைத் தூக்கவே முடியாத நிலை, முன்பு தோள் நழுவிய அனுபவம்... இதில் எது இருந்தாலும் மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுவிட்டே பயிற்சிகளைத் தொடங்குங்கள். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது தோள் பிரச்னை என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

வெளியே போக முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் வசதி உண்டு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.

மற்றவர்களுக்குத் தேவை ஒரு சுவர், ஒரு துண்டு, ஒரு பாய். மூன்றும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. 4 வாரம் விடாமல் செய்துவிட்டு, அந்த முதுகுச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். விரல்களுக்கு நடுவே இருந்த இடைவெளி குறைந்திருந்தால், அடுத்த முறை மைதானத்தில் உங்கள் கை வீச்சிலும் அது தெரியும்!